குளம்பில் வைத்த பாக்கு

என் கை பட்டால் நல்ல மாடும் நொண்டும் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நான் நம்பியிருக்கிறேன். அரைகுறையாக அல்ல, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் தயங்காமல் செய்திருப்பேன். அதோடாவது நின்றேனா? பாம்புக்கு மாணிக்கம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதுபோல மாட்டுக்குக் குளம்புக்குள் பிறவியிலேயே ஒரு கல் இருக்கும், அதைத் தோண்டி எடுத்துவிட்டால் மாட்டின் கதை முடிந்தது என்றும் நம்பினேன். இந்த இரண்டாவது நம்பிக்கைக்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செய்த காரியம், எனக்குத் தலை நரைத்த பிறகும் என்னை விடவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஏழு மாதம். மதுரையில் கோர்ட்டு நகல் குமாஸ்தா வேலை. அதாவது, யாரோ யாரையோ அடித்தது, யாரோ யாருடைய வரப்பையோ வெட்டியது எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் இன்னொரு காகிதத்தில் எழுதுவது. செல்லூரில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. சந்து முழுக்கத் தறிகள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் விறகும், உடைந்த குடையும், நான் எப்போதாவது படிக்கலாம் என்று கட்டி வைத்த காகிதங்களும் கிடந்தன. மாடு கட்டுகிற இடம் என்று அதை யாரும் நினைத்ததில்லை, என் மாமனாரைத் தவிர.

மாமனார் வீரணன் வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்சாரி. நிலம், கிணறு, ஒரு ஜோடி எருது. அந்த வருஷம் மாசியில் ஜோடியில் ஒன்று பாம்பு கடித்துச் செத்துப்போனது. மிச்சமிருந்த மயிலை எருது, சாம்பல் நிறத்து மாடு, தனியாக நின்று வைக்கோலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. ஆனியில் பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்குள் உழவை முடித்தாக வேண்டும். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு உழ முடியாது. ஆகவே மனிதர் இரண்டு மாதமாகச் சந்தை சந்தையாக அலைந்தார். வந்த மாட்டையெல்லாம் வேண்டாம் என்று திருப்பினார். காரணம், அவர் சாதாரண ஆள் இல்லை. நடை பார்ப்பதில் அந்த வட்டாரத்திலேயே பெரிய கை. மாடு வாங்கப் போகிறவர்கள் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். மாடு பத்தடி நடந்தால் அதன் குணம், குற்றம், அதன் தாயார் எப்படி, எல்லாம் சொல்லிவிடுவார் என்று பேர்.

ஒரு பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. மாட்டின் காலைத் தூக்கிப் பார்க்க மாட்டார். மற்றவர்கள் பார்த்தால் சிரிப்பார். "கண்ணு மேல நம்பிக்கை இல்லாதவன்தான் காலைத் தூக்குவான்" என்பது அவர் சொல்.

சித்திரைத் திருவிழாவையொட்டி மாட்டுத்தாவணி என்கிற பெரிய மாட்டுச் சந்தை கூடியிருந்தது. அங்கேதான் அவர் தேடிய ஜோடி கிடைத்தது. பொழுது சாயும் நேரத்தில் சந்து முனையில் ஒரே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். முன்னால் மாமனார், நடுவில் ஒரு மயிலை எருது, பின்னால் தரகர் சின்னச்சாமியும் அவருடைய கூட்டாளி ஒருவனும். தரகருக்கு நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. மாடு நடந்து வந்த அழகை என்னவென்று சொல்ல? சின்னச் சின்ன அடி, ஒன்றுபோல ஒன்று, புதுப்பெண் பந்திக்கு வருவது மாதிரி.

"பாத்தீங்களா மாப்ள, அடிக்கு அடி அளந்து வைக்குது. இப்படி ஒரு நடையக் கண்ணால கண்டு எம்புட்டு வருசமாச்சு" என்றார் மாமனார். மாட்டின் நெற்றியை வருடி வருடி விட்டார். இதே மனிதர் என் கல்யாணத்தில் மகளை ஒப்படைக்கும்போது இவ்வளவு உருகவில்லை.

நானும் குனிந்து, நிமிர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அளந்துதான் வைக்குது மாமா" என்றேன். (மாட்டைப் பற்றி எனக்கு அன்று நிச்சயமாகத் தெரிந்தது, அதற்கு நாலு கால் என்பது மட்டுமே.)

மாடு இன்னும் அவருக்குச் சொந்தமாகவில்லை. எங்கள் பக்கத்தில் அச்சாரம் கொடுத்துவிட்டால் மட்டும் மாடு கைமாறியதாகக் கணக்கில்லை. விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர் மஞ்சள் தடவிய தன் புதுக் கயிற்றைக் கட்ட வேண்டும். அதுவரை மாட்டைத் திருப்பலாம். கட்டியபின் மாடு படுத்தாலும் எழுந்தாலும் வாங்கியவர் பாடு. கயிறு மாற்றுவது என்றால் தாலி கட்டுவது மாதிரி. அன்றைக்குக் கரிநாளாகப் போய்விட்டது. அதனால் மாடு தரகர் கயிற்றோடு எங்கள் கொட்டகையில் இருப்பது, மறுநாள் பத்து மணிக்குத் தரகர் வந்து கயிறு மாற்றிக்கொடுப்பது என்று ஏற்பாடு.

போகும்போது தரகர் என்னிடம் மட்டும் தனியாக ஒரு வார்த்தை சொன்னார். மாட்டைக் கழுவ வேண்டாமாம். முக்கியமாகக் குளம்பில் தண்ணீர் படக் கூடாதாம். ஊர் விட்டு ஊர் வந்த மாட்டுக்குக் குளம்பு வழியாகச் சளி ஏறிவிடுமாம். நான் ரொம்பக் கவனமாகத் தலையை ஆட்டினேன். ஆட்டிய கையோடு மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மாமனாரும் என் மனைவி பேச்சியும் மீனாட்சியம்மன் கோவிலுக்குக் கிளம்பினார்கள். "மாட்டைப் பாத்துக்கங்க மாப்ள. பத்து மணிக்குள்ள வந்துருவோம்" என்றார் மாமனார். ஏழு மாதத்தில் அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொறுப்பு. பார்த்துக்கொள்வது என்றால் ஒரு பலகையைப் போட்டு எதிரே உட்கார்ந்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அதற்குத்தான் எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

மாமனார் திரும்பி வரும்போது மாடு பளபளவென்று நிற்க வேண்டும், "டவுன் மாப்பிள்ளைன்னு நெனச்சேன், வேலைக்காரராத்தான் இருக்காரு" என்று அவர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு குடம் தண்ணீர் சேந்தி மாட்டைக் குளிப்பாட்டினேன். கால்களில் சாணி அப்பிக் கிடந்தது. தேங்காய் நாரால் தேய்த்தேன். வலது முன்னங்கால் குளம்பின் பிளவில் மட்டும் கறுப்பாக, அரக்கு மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டு போக மாட்டேன் என்றது. விடுவேனா? காலைத் தூக்கி என் முழங்காலில் வைத்துக்கொண்டேன். மாடும் தடுக்கவில்லை, சவரக் கடையில் முகத்தைக் கொடுப்பது மாதிரி காலைக் கொடுத்தது. பென்சில் சீவுகிற கத்தியால் சுரண்டினேன். அரக்கு பெயர்ந்தது. உள்ளே ஒரு கூழாங்கல். உருண்டையாக, வழுவழுவென்று, பிளவில் இறுகிப் போய் உட்கார்ந்திருந்தது. நெம்பினேன். 'பொட்' என்று என் உள்ளங்கையில் விழுந்தது.

எனக்கு வந்த பூரிப்பைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் நடை பார்த்த மாமனார் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டுவிட்டது. வாயில்லா ஜீவன் இத்தனை நாள் கல்லோடு நடந்திருக்கிறது, நான் எடுத்துவிட்டேன். வாடிப்பட்டியில் இந்தக் கதையை எப்படிச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும் என்று அப்போதே ஒத்திகை பார்த்துவிட்டேன். பூரிப்பில் கல்லை மதில் சுவருக்கு மேலாகத் தெருவில் வீசினேன். பிறகு கயிற்றைப் பிடித்து, "வாடா ராசா, இப்ப நட பாப்போம்" என்று மாட்டைச் சந்துக்குள் கூட்டி வந்தேன்.

மாடு நடந்தது. ஓர் அடி வைத்தது, தலையைத் தாழ்த்தியது. அடுத்த அடி வைத்தது, தலையைத் தூக்கியது. மறுபடி தாழ்த்தியது. எஜமானர் சொல்வதற்கெல்லாம் 'ஆமாஞ்சாமி' போடுகிற கணக்குப்பிள்ளை மாதிரி ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு தலையாட்டல். முதலில் எனக்கு நன்றி சொல்கிறது என்றுதான் நினைத்தேன். பத்தடி போனபின்தான் விஷயம் உறைத்தது. மாடு நொண்டுகிறது.

உட்கார்ந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன். வலது கால் தரையில் ஊன்றும்போதெல்லாம் தலை தாழ்கிறது. வலிக்கிற பக்கம்தானே குனியும்? வலது கால், நான் கல்லெடுத்த கால், என் கத்தி பட்ட கால். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஏதோ நரம்பை அறுத்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் 'குளம்பில் தண்ணீர் படக் கூடாது' என்று தரகர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. தண்ணீரும் பட்டுவிட்டது, கத்தியும் பட்டுவிட்டது. மேற்படி எதிரி மேற்படி மாட்டின் மேற்படி காலை மேற்படி கத்தியால் என்று என் தலைக்குள் ஒரு குற்றப்பத்திரிகை தானாக ஓட ஆரம்பித்தது. வழக்கமாக நான் நகல் எழுதுகிறவன். அன்று அசலே நான்தான்.

மாமனார் முகம் கண்முன் வந்தது. வீட்டில் தனியாக நிற்கும் எருது வந்தது. தண்ணீர் வந்த பிறகும் உழாமல் கிடக்கும் வயல் வந்தது. வயல் நடுவே எல்லோரும் என்னைக் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள்.

வைத்தியம் ஆரம்பித்தேன். பேச்சி சளிக்காக வைத்திருந்த நீலகிரித் தைலத்தை எடுத்து வலது காலில் பாட்டில் காலியாகும்வரை தேய்த்தேன். மாடு மூன்று முறை தும்மியது. நடத்திப் பார்த்தேன், தும்மிக்கொண்டே நொண்டியது. என் புது மல்வேட்டியைக் கிழித்து அதே காலில் கட்டினேன். மாடு குனிந்து கட்டைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு ஒரு முனையைத் தின்னத் தொடங்கியது. கடைசியாக, இந்த மாடு இன்றைக்குப் பத்து மணிக்கு நல்லபடியாக நடந்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று அழகருக்கு வேண்டிக்கொண்டேன்.

வேண்டுதல் முடிந்த சூட்டிலேயே அந்த மகா ஞானம் பிறந்தது. கல் இருந்தபோது மாடு நன்றாக நடந்தது. கல்லை எடுத்ததும் நொண்டுகிறது. அப்படியானால் அது வெளியிலிருந்து போன கல் இல்லை; மாட்டின் உறுப்பு. ஆனைக்குத் தந்தம், பாம்புக்கு மாணிக்கம், மாட்டுக்குக் குளம்புக்கல். சம்சாரிகள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். டவுனில் வளர்ந்ததால் எனக்குத் தெரியவில்லை. (மற்ற மூன்று காலிலும் கல் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். தோன்றவில்லை. பதறுகிறவனுக்கு எண்ணிக்கை வராது.)

கல்லைத் திருப்பி வைக்க வேண்டும். கல் எங்கே? தெருவில்.

எங்கள் சந்தில் காலை வேளையில் பாவு நீட்டியிருப்பார்கள். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவது. அன்றைக்கு எதிர்வீட்டு நெசவாளி சுப்பையா அண்ணன் பாவு நீட்டியிருந்தார். நான் வீசிய கல் அதற்கு அடியில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். நான் நாலு காலில் தவழ்ந்து பாவுக்கு அடியில் நுழைந்தேன். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தவழ்ந்தேன். முதுகில் கஞ்சி சொட்டியது. ஒவ்வொரு கல்லாக எடுத்து, உருட்டி, முகர்ந்துகூடப் பார்த்தேன்.

சுப்பையா அண்ணன் கஞ்சி தடவும் குச்சத் தூரிகையைக் கையில் பிடித்தபடி குனிந்து என்னைப் பார்த்தார். "என்ன தம்பி தேடுற?"

"ஒரு கல்லுண்ணே."

"தெருப் பூராம் கல்லுதான கெடக்கு. உனக்கு எந்தக் கல்லு வேணும்?"

"உருண்டையா, வழுவழுன்னு இருக்கும்ணே. மாட்டோட கல்லு."

படித்த பையன், கோர்ட்டு உத்தியோகம், இப்படி ஆகிவிட்டதே என்று அவர் நினைப்பது பாவு வழியாகவே தெரிந்தது. "நூலு அறுந்துச்சுன்னா நீதான் முடிச்சுப் போடணும், பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கல் கிடைக்கவே இல்லை. கிடைத்த கற்களையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்து, வேட்டிக் கட்டை அவிழ்த்துவிட்டுக் குளம்பில் வைத்துப் பார்த்தேன். சின்னது வழுக்கி விழுந்தது. பெரியது நுழையவில்லை. கூரானதை வைத்தபோது மாடு காலை உதறிய உதறலில் நான் விறகின் மேல் போய் உட்கார்ந்தேன். மணி ஒன்பதரை. அவர்கள் வருகிற நேரம். வீட்டுக்குள் ஓடினேன். உருண்டையாக, வழுவழுப்பாக, கல் மாதிரி ஒரு சாமான் இந்த வீட்டில் என்ன இருக்கிறது? மாமனாருக்காக வாங்கி வைத்திருந்த வெற்றிலைத் தட்டு கண்ணில் பட்டது. அதில் மூன்று கொட்டைப்பாக்கு. முழுசாக, பல்லுக்கு அசையாத ரகம்.

ஒன்றை எடுத்துக் குளம்பின் பிளவில் வைத்து, உலக்கையின் அடியால் மெல்லத் தட்டினேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி போய் உட்கார்ந்தது. மேலே கொஞ்சம் களிமண் அப்பினேன். கயிற்றைப் பிடித்து நடத்தினேன்.

மாடு நடந்தது. சின்னச் சின்ன அடி. ஒன்றுபோல ஒன்று. புதுப்பெண், பந்தி, எல்லாம் அப்படியே திரும்பி வந்துவிட்டன. நான் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது என் காதை நக்கியது. அதன் மேல் நீலகிரித் தைல வாசனை கும்மென்று வீசியது.

கோவிலிலிருந்து வந்த பேச்சி முதலில் கேட்டது தைலத்தைப் பற்றி. இரண்டாவதாகக் கேட்டது என் முதுகில் காய்ந்து நின்ற கஞ்சியைப் பற்றி. மூன்றாவதாக, வெற்றிலைத் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏங்க, மூணு பாக்குல்ல வச்சுட்டுப் போனேன்?" என்றாள். இருமல் வந்தது, சவைத்தேன் என்றேன். இருமலுக்கு யாராவது கொட்டைப்பாக்கைச் சவைப்பார்களா என்று அவள் கேட்பதற்குள் தரகர் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு ஒரு தரகர் வருவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று எனக்கு அன்று தெரியாது.

சந்து கூடிவிட்டது. தாம்பாளத்தில் மஞ்சள் தடவிய புதுக் கயிறு, சூடம், பூ. மாமனார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "கயிறு மாத்துறதுக்கு முந்தி ஒரு நடை நடந்து காட்டட்டும். தெருச் சனமும் பாக்கட்டும்" என்றார்.

"வேணாம் மாமா, கண்ணு பட்டுரும்" என்றேன்.

"மாப்பிள்ளை சொல்றதுதான் நாயம்" என்றார் தரகர் அவசரமாக. "முதல்ல கயிறக் கட்டுங்க. நடை எங்க போகப் போகுது?"

அவரும் நானும் ஒரே கட்சியாக நின்று வாதாடினோம். அவர் சூரியன் ஏறுகிறது என்றார். நான் ஆமாம் என்றேன். நான் மாடு களைத்திருக்கிறது என்றேன். அவர் அப்படிப் போடுங்க என்றார். இந்த மனிதர் ஏன் எனக்காக இவ்வளவு பரிந்து பேசுகிறார், எவ்வளவு நல்லவர் என்று மனதுக்குள் கைகூப்பினேன். ஆனால் நடை பார்க்காமல் கயிறு கட்டினால் மாமனார் மாமனாரே இல்லை. பழைய கயிற்றைத் தானே கையில் பிடித்து, பாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றையடி இடத்தில் மாட்டை நடத்தினார்.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சந்து சொக்கிப்போய் நின்றது. மாமனார் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பாக்கு எகிறி விழுந்து, சந்தின் சரிவில் நிதானமாக உருண்டு, தரகர் சின்னச்சாமியின் பெருவிரலில் முட்டி நின்றது. மாடு தலையைத் தாழ்த்தியது, தூக்கியது, தாழ்த்தியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது, இனி உண்மையைச் சொல்லிக் காலில் விழ வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் தரகர் திறந்துவிட்டார்.

அவர் குனிந்து பாக்கை எடுத்தார். திருப்பினார். நகத்தால் கீறினார். அவர் முகத்திலிருந்த திருநீறு தவிர மற்றதெல்லாம் வெளிறிப்போனது. சுற்றி ஆள் நிற்பதையே மறந்து கூட்டாளியைப் பார்த்துக் கேட்டார்: "டேய், நாம வச்சது கல்லுல்லடா? பாக்கா எப்படிடா மாறுச்சு?"

சுப்பையா அண்ணன்தான் நிதானமாகப் பதில் சொன்னார். "கல்லு எங்க பாவுக்கு அடியிலதாண்ணே கெடக்கும். தம்பி காலையிலருந்து அதைத்தான் தேடிக்கிட்டுக் கெடந்தாரு."

மாமனார் தரகரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, பேச்சி பிறந்த நாள் முதல் பார்த்திராத ஒரு காரியம் நடந்தது. அவர் உட்கார்ந்து மாட்டின் காலைத் தூக்கிப் பார்த்தார். வலது குளம்பின் பிளவில் அரக்கு ஒட்டியிருந்த தடத்தை விரலால் தடவினார். எழுந்து இடது பக்கம் போய், தோள் சப்பையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். மாடு சுருண்டு விலகியது.

"எப்ப இருந்து?" என்றார்.

தரகருக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. "போன வருசம்ணே. கெணத்துல கமலை கட்டித் தண்ணி இறைக்கையில வழுக்கி விழுந்துருச்சு. எடது சப்பை. நல்ல காலுல ஒரு கல்ல வச்சா ரெண்டும் ஒண்ணுபோல வலிக்கும். ரெண்டும் ஒண்ணுபோல வலிச்சா, நடை ஒண்ணுபோல இருக்கும்."

அளந்து வைத்த அடியின் ரகசியம் இதுதான். இரண்டு காலும் வலித்தால் நீங்களும் நானும்கூட அளந்துதான் வைப்போம். வலிக்கிற கால் ஊன்றும்போது மாடு தலையைத் தூக்கிப் பாரத்தைக் குறைக்கும், நல்ல கால் ஊன்றும்போதுதான் தாழ்த்தும் என்பதைப் பிற்பாடு மாமனார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பாட்டில் தைலமும் ஒரு மல்வேட்டியும் நல்ல காலுக்குச் செலவானதும் அப்போதுதான் தெரிந்தது.

கயிறு மாறவில்லை ஆகையால் பேச்சே இல்லாமல் அச்சாரம் திரும்பியது. மாடு பழைய கயிற்றோடே போனது. போகும்போது மாமனார் தரகரிடம், அதை ஆறு மாதம் நிழலில் கட்டு, கல்லை வைத்துக் கொல்லாதே என்று மட்டும் சொன்னார். மாடு சந்து முனைவரை தலையாட்டிக்கொண்டே போயிற்று. இந்த முறை எனக்குத்தான் நன்றி சொல்கிறது என்று நான் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் மாமனார் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். "மாப்ள, கல்லை எடுத்தீங்க, சரி. பாக்கை எதுக்கு வச்சீங்க?"

கோர்ட்டில் எத்தனையோ பொய்களை நகல் எடுத்தவன், சொந்தமாக ஒன்று வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி, நரம்பு, தைலம், மாணிக்கம், மொட்டை வரைக்கும். அவர் விறகின் மேல் உட்கார்ந்து கேட்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. மனிதர் அழுகிறார் என்று பயந்து பேச்சியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்து, அவர் சிரிக்கிறார் என்றாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது: "ஊர்ல இந்தக் கதைய நான் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

நான் திறக்கவில்லை. மறுநாளே அவர் மாட்டுத்தாவணிக்குப் போனார். ஒவ்வொரு மாட்டுக்கும் நாலு காலையும் தூக்கிப் பார்த்தார். இரண்டு உதை வாங்கினார். மூன்றாம் நாள் ஒரு நல்ல மயிலையோடு வாடிப்பட்டிக்கு நடந்தார். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்பே உழவு முடிந்தது.

ஊரில் அவர் சொன்ன கதை இப்படி: டவுன் மாப்பிள்ளை பார்த்த மாத்திரத்தில் கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்துவிட்டார், தரகர் வாயாலேயே உண்மையை வரவழைக்க வேண்டும் என்று கல்லை எடுத்துவிட்டுப் பாக்கை வைத்தார், மாமனாருக்கும் எல்லாம் தெரியும், வேண்டுமென்றேதான் நடத்திக் காட்டினார். இந்தக் கதையில் இரண்டு பேருமே அறிவாளிகள். சொல்லச் சொல்ல அவரே நம்பிவிட்டார்.

விளைவு, நொண்டுகிற மாட்டோடு ஆட்கள் செல்லூருக்கு வர ஆரம்பித்தார்கள். கோர்ட்டுக்குப் போகிற அவசரத்தில் வாசலில் மாடு நிற்கும். நான் தலையைச் சாய்த்துப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொல்வேன். "நாலு குளம்பையும் நல்லாக் கழுவிப் பாருங்க." சொன்னால் நம்ப மாட்டீர்கள், பாதி மாடுகளுக்கு முள்ளோ கல்லோ இருந்து, எடுத்ததும் சரியாகிவிடும். என் கீர்த்தி சோழவந்தான்வரை பரவியது. மொட்டை போடவும் தப்ப முடியவில்லை. மாடு பத்து மணிக்குப் பதினோரு அடி நன்றாகத்தானே நடந்தது, வேண்டுதல் வேண்டுதல்தான் என்று பேச்சி பிடிவாதமாக அழகர் கோவிலுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்றைக்கும் தாம்பூலத் தட்டு என் பக்கம் வந்தால் யாராவது ஒருவர் பாக்கை மட்டும் எடுத்து மறைத்துக்கொள்வார். மச்சினன் பிள்ளைகள், "மாமாவுக்குப் பாக்குக் குடுக்காதீங்க, போற வழியில ஏதாச்சும் மாட்டுக்கு வச்சுட்டுப் போயிருவாரு" என்பார்கள். பேச்சி இந்த இடத்தில் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொள்வதற்குப் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்.

மாமனார் இப்போது இல்லை. கொடுத்த வாக்கு அவரோடு தீர்ந்தது என்று நினைக்கிறேன். ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு இடது கால் நொண்டி. வலது காலில் கல். அழுக்காக இருக்கிறதே என்று கழுவினேன், கல் வந்தது. பயந்துபோய்ப் பாக்கை வைத்தேன். பாக்கு விழுந்துவிட்டது.